பாதி சும்மாத்தானே இருக்கு

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் தர்மப்பிரபு என்று பெயர். எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் எங்கே என்று கேட்டால் வாட்ச்மேன் தலையைச் சொறிவார். தர்மப்பிரபு என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார். அது புகழ்ச்சி என்றே இவர் நம்பிக்கொண்டிருந்தார். அதே ஆஸ்பத்திரியில், பச்சிளம் குழந்தைகள் வார்டில் நான் நர்ஸ். கேலி செய்கிறவர்கள் என் காதுபடத்தான் செய்வார்கள்.

இல்லை என்ற சொல்லை இவர் வாய் அறியாது. எங்கள் ஸ்கூட்டர் எதிர்வீட்டில் நிற்கும், இஸ்திரிப்பெட்டி மாடிவீட்டில் இருக்கும், நாங்கள் கசங்கிய சட்டையோடு பஸ்ஸில் தொங்குவோம். போகட்டும், வீட்டுச் சாமான் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தத் தாராளத்தை வேலையிலும் காட்டினார், அதுதான் வயிற்றெரிச்சல்.

கீழ்த்தளத்தில் இரண்டு யுபிஎஸ் பெட்டிகள் ஜோடியாக ஓடும். கரன்ட் போனால் ஜெனரேட்டர் வரும்வரை எங்கள் வார்டையும் ஐசியுவையும் அவைதான் தாங்கும். ஒன்றே போதும், ஒன்று படுத்துவிட்டால் மற்றது முழுப்பாரத்தையும் ஏற்க வேண்டும் என்றுதான் இரண்டு. ஆளுக்குப் பாதி சுமந்துகொண்டு, பாதி பலத்தைச் சும்மா வைத்திருக்கும். பீரோவை இரண்டு பேர் தூக்கும்போது ஒருவன் கையை விட்டால் அடுத்தவன் தாங்க வேண்டாமா? இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். கல்யாணமான புதிதில், வேறு பேசத் தெரியாமல், இதைத்தான் பேசினார்.

சொல்லிக்கொடுத்த மனிதர் பிறகு அந்தப் பாதியைத் தானம் செய்யக் கிளம்பினார். டைரக்டர் அறை ஏசி முதல் போணி. அப்புறம் கேன்டீன் ஃபிரிட்ஜ், வரவேற்பறை மீன்தொட்டி, கணக்கு ஆபீஸ் ஏசி, லிஃப்ட் பக்கத்துக் காபி மெஷின். யார் கேட்டாலும், "பாதி சும்மாத்தானே இருக்கு, எடுத்துக்குங்க" என்பார்.

"என்னங்க, ஒண்ணு நின்னா இன்னொண்ணு தாங்குமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே நேரத்துல எங்கடி நிக்கப் போகுது."

இரண்டும் நிற்க வேண்டியதில்லை, ஒன்று நின்றாலே எல்லாம் இருண்டுவிடும் என்கிற நிலைமைக்குத் தானே கொண்டுவந்துவிட்டதை ஒப்புக்கொள்ள மனமில்லை. பெரிய மனசு அல்லவா.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் வார்டுக்கே வந்தார். டாக்டர் ஓய்வறைக்கு மைக்ரோவேவ் வேண்டுமாம், எங்கள் சுவரிலிருந்து லைன் இழுக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கரன்ட் போயிற்று. கீழே ஒரு யுபிஎஸ்ஸின் பேட்டரி கையை விரித்துவிட்டது. மொத்தப் பாரமும் அடுத்ததன் தலையில் விழ, அதுவும் சுருண்டுவிட்டது. ஜெனரேட்டர் இருமியதே தவிர எழுந்திருக்கவில்லை.

வார்டில் ஒரே ஒரு குழந்தை வென்டிலேட்டரில் இருந்தது. குறைமாதப் பெண் குழந்தை, என் உள்ளங்கைக்குச் சற்றுப் பெரியது. அந்தக் கருவியின் சொந்த பேட்டரி எப்போதோ செத்திருந்தது; கீழே இரண்டு யுபிஎஸ் இருக்கிறதே என்று ஒருவரும் மாற்றவில்லை. கருவி நின்றது. நான் மூச்சுப்பையைக் குழாயில் மாட்டிக் கையால் அமுக்க ஆரம்பித்தேன். கண்ணாடிக்கு வெளியே அதன் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

இவர் போன் அடித்தது. கீழேயிருந்து எலக்ட்ரீஷியன். ஸ்பீக்கரில் அவன் குரல் பதறியது.

"சார், ஒண்ணு நல்லா இருக்கு. லோடைக் குறைச்சா எழுந்துக்கும். எதை கட் பண்ணட்டும்?"

"இரு, அவசரப்படாத. டைரக்டர் ரூம்ல யாராவது இருக்காங்களா பாரு. கேன்டீன்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை..."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பையை அமுக்குவதை நிறுத்தாமல் சொன்னேன்:

"அப்படியே இந்தக் குழந்தைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

அப்போதுதான் இவர் குழந்தையைப் பார்த்தார். உதடுகள் நீலம் பூத்திருந்தன.

"எல்லாத்தையும் கட் பண்ணு," என்றார். "வார்டும் ஐசியுவும் மட்டும் போதும். யாரையும் கேக்காத."

கருவி பீப் என்று உயிர்பெறும்வரை நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். இவர் சுவரோரம் அந்த மைக்ரோவேவ் ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அறுத்த லைன்களை இவர் திரும்பக் கொடுக்கவில்லை. டைரக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேன்டீன்காரர் இவரைக் கண்டால் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார். தர்மப்பிரபு பட்டம் போய்க் கஞ்சன் என்ற பெயர் வந்தது. இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். இதற்குப் போய் வருத்தமா என்று நான் விடாமல் குத்திக்கொண்டிருந்தேன்.

குழந்தை தேறி வீட்டுக்குப் போகிற அன்று, அதன் அம்மா எங்கள் இருவரையும் வாசலில் பிடித்துக்கொண்டாள். வார்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணே, நீங்க கரன்ட் குடுக்கலேன்னா எம் பொண்ணு இல்ல. ஒரு தடவை கையில வாங்கிக்குங்க."

யார் எதைக் கேட்டாலும் பல்லெல்லாம் தெரியக் கொடுக்கிற மனிதர், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"வேணாம்மா," என்றார். "நான் எல்லாருக்கும் குடுத்ததாலதான் உன் பொண்ணுக்கு நின்னுபோச்சு."

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். திட்டுவதற்கு என்னிடம் எத்தனையோ இருந்தன. நான் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.