பாறைக்காக நான் மாற்றிச் சொன்னது

1911-ஆம் ஆண்டு செப்டம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபது. பினாங்குத் தீவின் தஞ்சோங் பூங்காக் கடற்கரையில் காற்றே இல்லை. மேற்கு வானம் மட்டும் மை பூசியதுபோல் கறுத்திருந்தது. எனக்கு நெஞ்சில் சளி. குடையை வேறு மறந்துவிட்டேன். எதைக் கண்டாலும் எண்ணுவது என் வழக்கம். கடலில் பதினோரு படகுகள் இருந்தன.

அப்போது நான் பினாங்கில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நின்ற பெரும்பாறையை வெடிவைத்து உடைத்துச் சாலைக்கு ஜல்லி போட, ஒரு குத்தகைக்காரர் அனுமதி கேட்டிருந்தார். கரையில் பிழைப்பவர்கள் உடைக்கக் கூடாது என்றார்கள். விசாரிக்க வந்த துரை கப்பலைவிட்டு இறங்கி ஒரு மாதம்தான். ஆங்கிலம் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு அது மட்டும் தெரியாது. காதில் விழுந்ததைத்தான் சொல்ல வேண்டும், சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது என்று நான் சத்தியம் செய்து வேலையில் சேர்ந்தவன்.

பேச வந்தவர்கள் மூவர்: மீன் பிடிக்கும் மலாய்க்காரர்களின் தலைவர், மீனை வாங்கும் சீன முதலாளியான தவுக்கே, அதைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் நம் தமிழ் மாட்டுவண்டிக்காரர். பாறை எதற்கு வேண்டும் என்று துரை கேட்டார். அது தங்கள் கிராமாட், புனித இடம், மஞ்சள் துணி கட்டும் உரிமை தங்களுக்குத்தான் என்றார் மலாய்க்காரர். இத்தனை வருஷமாக ஊதுபத்திச் செலவு யாருடையது என்று தவுக்கே குறுக்கிட்டார்.

வண்டிக்காரர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நல்லா கேட்டுக்குங்க. அது எங்க முனியாண்டி லா. இவங்க ரெண்டு பேரும் வாடகைக்கு வந்தவங்க."

உடனே மூவருக்கும் மலாயில் பெரிய சண்டை. குத்தகைக்காரர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். இதை அப்படியே சொன்னால் பாறை போய்விடும் என்று தெரிந்தது. காற்றடித்தால் படகுகள் அந்தப் பாறையின் மறைவில்தான் ஒதுங்கும், பலமுறை பார்த்திருக்கிறேன். மூவரின் சோறும் அந்த மறைவில்தான் இருந்தது. சண்டை மும்முரத்தில் அதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் சொன்னேன்: "காற்று வந்தால் எங்கள் படகுகள் இந்தப் பாறையை ஒட்டித்தான் உயிரோடு கரை சேரும் என்கிறார்கள்."

"மூன்று பேருமா?"

"மூன்று பேரும்தான், ஐயா."

துரை வானத்தைப் பார்த்தார். இருந்தே பார்த்துவிடலாம் என்று மீன் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். நான் படகுகளை மறுபடி எண்ணினேன்.

பத்தரைக்குக் காற்று வந்தது. படகுகள் ஒவ்வொன்றாகப் பாறையைச் சுற்றி உள்ளே நுழைந்தன. துரை பிரம்பை நீட்டி எண்ணினார்; நானும் எண்ணினேன். பத்து. பதினொன்றாவது வரவில்லை. அதில் மலாய்த் தலைவரின் மகன் இருந்தான். வண்டிக்காரர் சண்டையை மறந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். தவுக்கே முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். கடைசியில் கிழிந்த பாயோடு அந்தப் படகு பாறையின் மறைவுக்குள் திரும்பியபோது மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மூவரும் சொன்னபடி படகுகளுக்கு மறைவு இதுதான், பாறையைத் தொடக்கூடாது என்று துரை உத்தரவிட்டார். அதை மட்டும் சொல்லுக்குச் சொல் குத்தகைக்காரரிடம் சொன்னேன்.

மறுவாரம் குத்தகைக்காரர் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து, மூவரும் படகைப் பற்றிப் பேசவே இல்லை என்ற உண்மையைத் துரையிடம் சொல்லிவிட்டார். துரை என்னை அழைத்தார். பாறை நிற்கும், ஆனால் நீ சத்தியத்தை மீறினாய் என்று சொல்லி அரை மாதச் சம்பளத்தைப் பிடித்தார்.

அரிசி விலை, மழை, மூட்டுவலி என்று எல்லாவற்றுக்கும் கவலைப்படும் கிழவன் நான். இதற்கு மட்டும் ஒருநாளும் வருந்தியதில்லை. இன்றும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் மஞ்சள் துணியும் ஊதுபத்திப் புகையும் குங்குமமுமாகப் பாறை நிற்கிறது. அதன் மறைவில் படகுகள் நிற்கின்றன. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நான் கொடுத்த விலை, பதினேழு வெள்ளி ஐம்பது காசு.