ரம்பத்துக்கு நேர் பின்னால்

கல்யாணமான முதல் வருஷம் அப்பா துடியலூருக்கு வந்தது என்னைப் பார்க்க அல்ல; மாப்பிள்ளையின் விரல்களைப் பார்க்க. பைக்காரா ஆற்றுத் தண்ணீரில் எடுத்த கரண்டு எங்கள் பக்கம் வந்த புதிதில் என் வீட்டுக்காரர் மோட்டாரில் சுழலும் மேசை ரம்பம் ஒன்று வாங்கி, கதவு ஜன்னல் செய்யும் பட்டறை போட்டிருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்துக்கு அந்தச் செய்தி போனதிலிருந்து அப்பாவுக்கு நிம்மதி இல்லை. அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. தோட்டத்துக் கரும்பாலையில் கரும்பு கொடுக்கும்போது உருளைகள் இழுத்துக்கொண்டன.

மாடு சுற்றும் ஆலையே அப்படியென்றால் கரண்டில் சுற்றுவது சும்மா விடுமா? ரம்பத்தை விற்றுவிட்டு மாப்பிள்ளை தோட்டத்துக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் பெண்ணைக் கூட்டிப் போய்விடுவேன் என்று வந்த வேகத்தில் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை யார் கேட்டார்கள்? இவர் மட்டும் பொறுமையாக, ஒரு வெட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லிப் பட்டறைக்கு அழைத்துப் போனார். நானும் விடாமல் பின்னாலேயே போனேன்.

அன்று ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில், கண்ணாடி உட்காருவதற்காக, நீளவாக்கில் படிபோல ஒரு பள்ளம் வெட்டும் வேலை. மோட்டாரைப் போட்டதும் தரை அதிர்ந்தது. அப்பா நேராகப் போய், மரத்தைத் தள்ளும் பக்கத்தில், ரம்பத்துக்கு நேர் பின்னால் நின்றுகொண்டார். மாமனாரை எப்படி நகரச் சொல்வது? இவர் மோட்டாரை நிறுத்தினார். ரம்பம் முழுதாக ஓயும்வரை காத்திருந்து, ஒரு முக்காலியைப் பக்கவாட்டில் கொண்டுவந்து போட்டார்.

"மாமா, இங்க உக்காருங்க. நல்லாத் தெரியும்."

அப்பா முகம் சுருங்கினாலும் உட்கார்ந்தார். ரம்பம் மேசைக்கு மேலே வேண்டிய அளவுதான் தலைகாட்டியது. சட்டத்தைப் படுக்க வைத்து ஒரு வெட்டு, பிறகு நிமிர்த்தி வைத்து ஒரு வெட்டு. ரம்பத்துக்குப் பக்கத்தில் அவர் கை போகவே இல்லை; ஒரு தள்ளுகட்டைதான் போனது. இரண்டு வெட்டும் உள்ளே சந்தித்த இடத்தில் ஒரு நீளக் குச்சி தனியாகக் கழன்று, வெளிப்பக்கமாக அலுங்காமல் விழுந்தது. தினமும் சோறு பிசைகிற இந்தக் கைக்கா இது தெரியும் என்று இருந்தது எனக்கு.

மோட்டார் நின்றதும் அப்பா கேட்டார். "ஏனுங்க மாப்பிள்ளை, என்னை எதுக்கு அங்கிருந்து நகத்துனீங்க?"

இவர் ரம்பத்துக்குப் பின்புறம் இருந்த மண்சுவரைக் காட்டினார். இடுப்பு உயரத்தில் ஆழமாக ஒரு குழி. ரம்பம் வந்த புதிதில், குச்சி உள்பக்கம் விழும்படி மரத்தைத் தவறாக வைத்துவிட்டாராம். ரம்பத்துக்கும், மரம் விலகாமல் ஒட்டி நகர வைத்திருக்கும் அணைகட்டைக்கும் நடுவில் சிக்கிய குச்சி பின்னால் பாய்ந்து சுவரில் குத்தி நின்றதாம். அப்பா நின்றிருந்தது அந்தக் குழிக்கு நேர் முன்னால்.

அப்பா எழுந்து போய்க் குறைவிரல் கையால் குழியைத் தடவினார். திரும்பி வந்து தள்ளுகட்டையை எடுத்துப் பார்த்தார். அதன் நுனி முழுக்க ரம்பப் பல் பட்ட தழும்பு. வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ரம்பத்தை விற்கிற பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

"இதுமாதிரி எனக்கொண்ணு செஞ்சு குடுங்க," என்றார். "ஆலையில இப்ப எம் பையந்தானுங்க கரும்பு குடுக்கறான்."