பொம்பிளைச் சம்பளத்துக்கு வெட்டின வயல்

இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற வயல் எங்களுடையது. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து நான் அங்கே போய்ச் சில வருசங்கள் இருக்கும். தேயிலைத் தோட்டங்களில் இனி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று ஒருநாள் ரேடியோவில் சொன்னார்கள். "எப்பவோ செய்திருக்க வேணும்" என்று என் கணவர் தலையாட்டினார். அவருக்கு நியாயம் நல்லாய்ப் பிடிக்கும். தூரத்தில் நடந்தால் இன்னும் பிடிக்கும்.

பிறகு வந்த அருவி வெட்டுக்கு, மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறியிருந்தவர்கள் நெல் வெட்ட வந்தார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே வெயிலில்தான் வெட்டுவார்கள். சம்பளம் மட்டும் பெண்களுக்குக் குறைவு.

பெண்களில் மூத்தவ காலையிலேயே என் கணவரிடம் கேட்டா. "ஐயா, தோட்டத்தில எல்லாருக்கும் ஒரே சம்பளமாமே?"

"ஓம், அது தேயிலைக்கு. இது நெல்லு."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கினா.

பின்னேரம் நான் தேத்தண்ணியோடு போனபோது, பெண்கள் எல்லாரும் மருத மரத்தடியில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி வயல் வெட்டாமல் நின்றது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்ன, வேலை முடிஞ்சுதோ?" என்று கத்தியபடி இவர் ஓடி வந்தார்.

"எங்க சம்பளத்துக்கு உள்ளது முடிஞ்சிருச்சுங்க" என்றா மூத்தவ.

நானும் போய் அவர்களோடு குந்தியிருந்தேன்.

"நீர் ஏன் அங்க இருக்கிறீர்?"

"எனக்குச் சம்பளமே இல்லையேப்பா. அப்பிடிப் பாத்தா நான் காலமையே வந்து குந்தியிருக்க வேணும்."

வெட்டிக்கொண்டு நின்ற ஆண்களும் சிரித்துவிட்டார்கள். இவர் வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இடி ஒன்று உருண்டது.

"சரி, சரி, எல்லாருக்கும் ஒரே சம்பளம்! எழும்புங்கோ!"

மூத்தவ எழும்பவில்லை. "அடுத்த போகமுங்களா?"

இன்னொரு இடி.

"ஓம், ஓம், அடுத்த போகமும்!"

அரிவாள்களோடு எல்லாரும் இறங்கினோம். மழையோ எங்களை எட்டியும் பாராமல் பூநகரிப் பக்கம் போய்விட்டது. "வானமும் உங்கட ஆக்கள்தான்" என்று மனுசன் இரண்டு நாள் முணுமுணுத்தார்.

ஆனாலும் சொன்ன சொல் தவறவில்லை. சம்பளத்தைக் கூட்டிக் கெடுத்துப்போட்டாய் என்று பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வந்தபோது, "எங்கட வயலில ஆண் பெண் எண்டு பாக்கிறேல்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாய்ப் போயிற்று.

மிளகாய் ஆயும் காலம் வந்தது. இவர் ஆண்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை. வந்த பெண்கள் எல்லாருக்கும் பழைய பொம்பிளைச் சம்பளத்தையே கொடுத்தார். கேட்டால், "எல்லாருக்கும் ஒரே சம்பளம்தானே?" என்றார்.

"ஐயா கெட்டிக்காரருங்க" என்றா மூத்தவ என்னிடம். "மிளகாய்க்கு எப்ப மழை வரும்னு பாப்போம்."