தேடாமல் சொன்ன பக்கம்

பழவேற்காட்டில் ஒரு மீனவர் சங்க அலுவலகம். கடலுக்குப் போனவர்கள் கரை திரும்பியதைக் கணினியில் பதிகிற அந்த அம்மாவை ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். பக்கம் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது என்று சங்கத்தில் புகார் செய்ததால், அந்த நிரலை ஜாவாவில் எழுதிய என்னையே அனுப்பியிருந்தார்கள்.

நெற்றியில் பெரிய பொட்டு. தினமும் காலை ஆறு மணிக்குப் பதிவைத் திறப்பாராம். பக்கம் திறக்கிறவரை கையிலிருக்கும் டீயை வாயில் வைக்கமாட்டாராம்.

நிரல் எங்கே சிக்கி நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப்பை மூன்று முறை எடுத்தேன். மூன்றிலும் அது ஒரே இடத்தில் நின்றது. பழைய புயலின்போது கடலுக்குப் போன ஆறு பேர் திரும்பிய பதிவே இல்லை. அதைத் தேடி ஒவ்வொரு முறையும் எல்லாப் பதிவுகளையும் புரட்டிக்கொண்டிருந்தது.

"இறந்துட்டாங்கனு முடிச்சிடலாமேம்மா?"

"பொணமே கெடைக்கல சார், நான் எப்படி முடிக்கிறது? நாலாவது பேரு எங்க வூட்டுக்காரரு."

ஆறு பேரையும் தேடாமலே 'வரவில்லை' என்று காட்டும்படி ஒரு வரி சேர்த்தேன். பக்கம் சட்டென்று திறந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவர் திரையையே பார்த்தார். "இன்னா சார், தேடாமயே வர்லனு சொல்லுது?"

அந்த வரியை அழித்துவிட்டேன். ஏரிப் பக்கம் சிக்னல் மோசம், அதனால்தான் தாமதம் என்று என் அலுவலகத்தில் சொன்னேன்.

இன்றும் காலை ஆறு மணிக்கு என் சர்வர் ஒரு நிமிடம் திணறும். அங்கே டீ ஆறிக்கொண்டிருக்கும்.