பழம்பொரிப் பதிப்பு

பென்டிரைவைச் செருகுவதற்கு முன்னால் கோமதிநாயகம் அதன் வாயில் ஒரு தடவை ஊதுவார். தூசி இருந்தாலும் ஊதுவார், இல்லாவிட்டாலும் ஊதுவார். உறையைக் கிழித்து இப்போதுதான் வெளியே எடுத்த புத்தம் புதியதையும் விடமாட்டார். ஊதி, கண்ணை மூடி, செருகிவிட்டு, "ஏறிக்கோ மக்களே" என்பார். கணினி ஏற்றுக்கொள்ளும். ஏற்காவிட்டால் வெளியே எடுத்து, முன்னைவிட மரியாதையாக ஊதுவார்.

தமிழும் மலையாளமும் புழங்கும் ஆரியசாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டிக்கும் ஊதுபத்திக் கடைக்கும் நடுவே, ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்தில் இருக்கிறது அவர் கடை. நாயகத்துக்கு வயது நாற்பது, தொப்பைக்கு அதைவிடக் கூட. நேராகப் போனால் தோள் இடிக்கும், பக்கவாட்டில் போனால் வயிறு இடிக்கும். எப்படித்தான் போகிறாரோ, காலையில் பார்த்தால் உள்ளே இருப்பார்.

தெருவிலுள்ள கடைகளில் எல்லாம் கிழட்டுக் கணினிகள். அவற்றுக்கு நாயகம் லினக்ஸ் இயங்குதளம் தைத்துக் கொடுக்கிறார். தைப்பது என்பது அவருடைய சொல். "ரெடிமேட் சட்டை எல்லாருக்கும் பத்துமாவே? அண்ணாச்சிக்கு வயித்துல பிடிக்கும், அக்காவுக்குத் தோள்ல தொங்கும். நாம அளவெடுத்துல்லா தைக்கோம்."

தைக்கும் விதம் இது. முதலில் தன் கணினியைத் தெருவுக்கு ஏற்றபடி பழக்குவார். தமிழும் மலையாளமும் அடிக்கத் தோதாகச் செய்வார். பில் போடும் மென்பொருளை ஏற்றுவார். தெருவே சொல்லிவைத்தாற்போல் வாங்கிய, இருமி இருமி அச்சடிக்கும் அந்த ஒரே ரக பிரிண்டரைச் சமாதானப்படுத்துவார். கண்புரைக்காரர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்குவார். கணினியை அணைக்கும் பொத்தானை மட்டும் எங்கோ மூலையில் ஒளித்து வைப்பார். "கோவம் வந்தா அண்ணாச்சிமாரு அதைத்தான் அமுக்குவாவ." பிறகு அந்தக் கணினி முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாகக் கட்டிவிடுவார். அதுதான் நிறுவல் இமேஜ். அதைப் பென்டிரைவில் ஏற்றி எந்தக் கடையில் செருகினாலும், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நாயகத்தின் கணினிக்கு அங்கே ஓர் இரட்டைப் பிள்ளை பிறந்திருக்கும்.

கட்டுவதற்கு முன்னால் தன் சொந்தச் சாமான்களை எடுத்துவிட வேண்டும். கட்டியபின் ஒத்திகை பார்க்க வேண்டும். கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உண்டாக்கி, அதில் ஓட்டிப் பார்ப்பார். பொய்க் கணினிக்குக் கண் தெரியும், வாய் கிடையாது, சத்தமே வராது. ஊமை.

ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெயர் உண்டு. கட்டி முடியும் நேரத்தில் அவர் கையில் என்ன பலகாரம் இருக்கிறதோ, அதுதான் பெயர். "எங்க கடையில இன்னும் உளுந்துவடைதான் ஓடுது" என்று ஒருவர் அலுத்துக்கொண்டால், "ஒமக்கு அது போதும். சுகியனுக்கு ஒம்ம மெஷின் தாங்காது" என்று இன்னொருவர் சொல்வதை இந்தத் தெருவில் சாதாரணமாகக் கேட்கலாம்.

எதிர்வரிசையில் எலிசாளின் தார்ப்பாய், கயிற்றுக் கடை. நாகர்கோவில் பக்கத்துப் பெண். அப்பாவுக்குப் பிறகு ஒற்றை ஆளாகக் கடையை நடத்துகிறார். கயிற்றைக் கையால் முழம் போட்டபடியே நாலு பேரை ஏசவும் தெரியும், கணக்கு ஒரு முழம் பிசகாது. அவர் கடை வாசலைத் தாண்டும்போது நாயகத்துக்கு நடை குழறும். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று உள்ளே போவார். "வாரும் ஓய்" என்பார் எலிசாள். "தார்ப்பாய் என்ன வெல?" என்று நாயகம் கேட்பார். எலிசாள் விலை சொல்வார். நாயகம் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்புவார். அவர் கடைக்கு மேலே கான்கிரீட் கூரை, ஒரு சொட்டு ஒழுகாது. ஆனாலும் தார்ப்பாய்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன.

நாயகத்துக்கு மறதி அதிகம். அதனால் நினைவூட்டல்களைத் தன் குரலிலேயே பதிந்து வைத்திருக்கிறார். மத்தியானம் "நாயகம், தண்ணி குடி" என்று அவர் கணினி சொல்லும், குடிப்பார். சாயங்காலம் "நாயகம், பேட்டரி" என்னும், பார்ப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால், காலை பதினொரு மணிக்கு ஒன்று சொல்லும். அதை மட்டும் காதில் மாட்டும் கருவியை மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பார். கேட்டுவிட்டுப் போய்த் தார்ப்பாய் வாங்குவார்.

பழம்பொரிப் பதிப்பைக் கட்ட உட்கார்ந்த அன்று கையில் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி. சொந்தச் சாமான்களை எடுக்கப்போகும் நேரத்தில் வாசலில் எலிசாள்.

"ஓய் நாயகம், தெருவுக்கெல்லாம் இட்டுக் குடுக்கேரு. எனக்கும் ஒண்ணு இட்டுத் தாருமே. நான் என்ன வேற நாட்டுக்காரியா?"

நாயகத்தின் கையிலிருந்த பழம்பொரி விசைப்பலகையில் விழுந்தது. விழுந்ததை எடுக்கிறேன் பேர்வழி என்று 'கட்டு' என்ற கட்டளையை அமுக்கிவிட்டார். எடுக்க வேண்டியதை எடுக்கவே இல்லை. பொய்க் கணினியில் ஒத்திகையும் பார்த்தார். ஊமை என்ன சொல்லும்? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தெரு முழுக்க ஏற்றினார். திங்கள் காலையில் முதல் வேலையாக எலிசாள் கடையிலும் ஏற்றினார்.

பதினொரு மணிக்கு அரிசி மண்டிதான் முதலில் பேசியது.

"லே நாயகம்! இன்னைக்காவது எலிசாள்கிட்டச் சொல்லிருலே! தார்ப்பாய் வெலையக் கேட்டுட்டுத் திரும்பி வந்திராத!"

அடுத்து ஊதுபத்திக் கடை. அடுத்து வெல்லக் கடை, பித்தளைப் பாத்திரக் கடை. கிழட்டுக் கணினிகள் அல்லவா, ஒன்றுக்கொன்று ஒரு மூச்சு பின்தங்கி, பஜனையில் பின்பாட்டுக்காரர்கள் போல ஆரியசாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நாயகத்தின் குரல் நாயகத்தையே ஏசிக்கொண்டு போயிற்று. மூட்டையைத் தலையில் ஏற்றிய சுமைகூலி பத்மகுமார் அப்படியே நின்று, "அண்ணா, பறஞ்ஞோ? சொல்லியாச்சா?" என்றான். மண்டி தாணுமாலையன் அண்ணாச்சி வாசலுக்கு ஓடிவந்தார். "எடே நாயகம், என் கம்ப்யூட்டரு ஒன்னைய ஏசுதுடே!"

நாயகம் தொப்பையைப் பொருட்படுத்தாமல் ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்ச் சுத்தமான பதிப்பு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். தன் மானம் போனால் போகட்டும், அது எப்போதும் கொஞ்சமாகத்தான் இருந்தது. எலிசாள் இனி வாசலில் நின்று முழம் போடும்போது தெரு அவரைப் பார்த்துச் சிரிக்குமே. அந்த "வாரும் ஓய்" இனிமேல் கிடைக்காதே. பெயர் வைக்கப் பலகாரம் எதுவும் தோன்றாத முதல் பதிப்பு அது.

மண்டிக்குத்தான் முதலில் ஓடினார். அண்ணாச்சி கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அழிக்கவா? நல்லாருக்கே! வாங்கின நாள்லருந்து இன்னைக்குத்தான் இது உருப்படியா ஒரு காரியம் சொல்லிருக்கு. நீ அங்க போய்ச் சொல்லு. பொறவு வந்து அழி."

ஊதுபத்திக் கடை சபீனாவும் விடவில்லை. "நாளைக்கும் சொல்லுமில்லா அண்ணா? அப்ப நாளைக்கும் கேப்போம்."

நாயகம் எதிர்வரிசைக்குப் போனார். பின்னால் தெரு ஒரு சாக்கும் அசையாமல் நின்றது.

எலிசாள் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "வாரும் ஓய். எல்லாக் கடையிலயும் என்னவெல்லாமோ சொல்லுச்சாமே. எங்க கம்ப்யூட்டரு மட்டும் ஒண்ணும் சொல்லலையே?"

"ஸ்பீக்கர் இல்லல்லா. அதாக்கும்."

"அதுக்கு ஸ்பீக்கர் இல்ல. ஒமக்கு வாயும் இல்லியா?"

நாயகம் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். "இதுல எல்லாத்தையும் எடுத்தாச்சு. இதைப் போட்டா ஒண்ணும் இருக்காது. ஒரு டீ குடிக்க நேரந்தான்." பழக்கதோஷத்தில் வாயருகே கொண்டுபோனார். காற்று வரவில்லை. பென்டிரைவைக் கீழே இறக்கிவிட்டு, அதைப் பார்த்தபடியே சொன்னார்:

"எலிசாளு... எனக்கு இனி தார்ப்பாய் வேண்டாம்."

"பின்ன என்ன வேணும்?"

"தெருவே சொல்லிச்சே. அதுதான். நானும் சொல்லுதேன்."

எலிசாளின் கை கயிற்றில் நின்றது. மெல்ல எழுந்து வந்து, நாயகத்தின் விரல்களுக்கிடையிலிருந்து பென்டிரைவை உருவிக்கொண்டார். அதைத் தன் உதட்டருகே கொண்டுபோய், கண்ணை மூடி, அச்சு அசல் நாயகத்தைப் போலவே, அதன் வாயில் ஒரு தடவை ஊதினார். பிறகு அதைக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.