பிரபாகரன் அடைத்த ஓட்டை

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஓர் ஓட்டை பிரபாகரனின் கண்ணில் பட்டுவிட்டால், அதற்கப்புறம் அது ஓட்டையாக இருக்காது. ஃபைபர் படகின் அடியில் விழுந்த விரிசலோ, தண்ணீர்த் தொட்டியின் கசிவோ, பிளாஸ்டிக் குடத்தின் பொத்தலோ, எதுவானாலும் சரி. முதலில் கூரான கம்பியை உள்ளே விட்டுக் குடைந்து உப்பையும் அழுக்கையும் எடுப்பார். பிறகு ரெசின் பசையைக் குழைத்து ஊற்றி அடைப்பார். காய்ந்ததும் கட்டை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "இனிமே ஜென்மத்துக்கும் ஒழுவாது" என்பார்.

ஒருமுறை மீன் ஏலக் கூடத்துச் சுவரின் அடியில் இருந்த ஓட்டையையும் இப்படித்தான் அடைத்தார். அது தண்ணீர் வெளியே போவதற்காகவே விட்ட ஓட்டை. அடுத்த மழையில் கூடத்துக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பெண்கள் கூடைகளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பிரபாகரன் உளியோடு வந்து உடைத்துவிட்டார். உடைக்கும்போதும் அவருக்கு வெட்கம் வரவில்லை. "எவ்ளோ கெட்டியா புடிச்சிக்கினு கீது பாரு!" என்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார்.

எட்டாவதோடு படிப்பை விட்டவர் அவர். காசிமேட்டில் ஒரு மெக்கானிக்கிடம் இருந்து படகு இன்ஜின் வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். கலங்கரை விளக்கத்துக்குப் போகிற வழியில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து இந்தக் குப்பத்தின் எந்த இன்ஜினும் ரிப்பேருக்கென்று வெளியூர் போனதில்லை. இன்ஜின் மட்டுமல்ல, மிக்சி, மின்விசிறி, கல்யாண வீட்டு ஜெனரேட்டர் எல்லாம் அவரிடம்தான் வரும். அதுதான் அவருடைய பெருமை. அந்தப் பெருமைதான் நிவேதா விஷயத்தில் அவரைக் கவிழ்த்தது.

நிவேதா அடுத்த வீட்டுப் பெண். பிறந்ததிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். பன்னிரண்டாவது முடித்தபோது பள்ளியில் கொடுத்த லேப்டாப் ஒன்று அவளிடம் இருந்தது. போனில் பார்த்துப் பார்த்து ஆல்பம் செய்யக் கற்றுக்கொண்டு, போட்டோ வேலையைத் தொடங்கியிருந்தாள். முதல் வேலையாகக் கிடைத்தது அதே குப்பத்துத் தசரதன் வீட்டுக் கல்யாணம். அவருடைய மகள் சத்யாவைக் கோரைக்குப்பத்தில் கொடுத்திருந்தார்கள். வாடகைக் கேமராவில் படம் எடுத்து, எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கேமராக்காரர் கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார். ஆக, சத்யாவின் கல்யாணம் முழுக்க அந்தப் பழைய லேப்டாப்புக்குள் மட்டும்தான் இருந்தது.

அந்த லேப்டாப்போ திறந்தால் சோறு வடிக்கிற நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு படத்தைப் பெரிதாக்கினால் திரை அப்படியே உறைந்து நிற்கும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகமாகிவிடும் என்று கேள்விப்பட்டு, விண்டோஸ் ஏற்றியே ஒன்றை வரவழைத்தாள். அதை மாட்டிக்கொண்டு வரலாம் என்று பொன்னேரிக்குக் கிளம்பியவளைப் பிரபாகரன் கொட்டகை வாசலிலேயே பிடித்துவிட்டார்.

"இன்னாமே, பையும் கையுமா எங்க?"

"பொன்னேரிக்கு மாமா. லேப்டாப்புல டிஸ்க் மாத்தணும்."

"ஸ்க்ரூ கழட்டி ஸ்க்ரூ போடறதுக்கு பொன்னேரியா? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"அய்யோ மாமா, இது இன்ஜின் இல்ல."

"இன்ஜின்லயே தலைகீழா நிக்கறவனுக்கு இந்தத் தகர டப்பாவா பெருசு? கொண்டா இப்டி."

அவள் தயங்கினாள். அதைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது. அதற்காகவே கொடுத்துவிட்டாள்.

உண்மையில் அந்த வேலையை அவர் நன்றாகவே செய்தார். பேட்டரியைக் கழற்றினார். கண்ணாடிக் கடைக்காரர் எப்போதோ கொடுத்த குட்டி ஸ்க்ரூ டிரைவரால் அடிமூடியைத் திறந்தார். ஸ்க்ரூக்கள் எந்த இடத்திலிருந்து வந்தனவோ அதே வரிசையில் ஒரு துணியின் மேல் வைத்தார். பழைய டிஸ்க்கை அலுங்காமல் இழுத்து எடுத்து, அதே இடத்தில் புதியதைச் செருகினார். புதியது காற்றைப் போல லேசாக இருந்தது. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே சுத்தலியே. டூப்ளிகேட்டா?"

"இதுல சுத்தறதுக்கே ஒண்ணும் இல்ல மாமா. பழசுலதான் தட்டு சுத்தும்."

"சுத்தாதது இன்னா மிஷினு" என்று முணுமுணுத்துக்கொண்டே மூடியை மாட்டினார்.

நிவேதா லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள். "பழச பத்திரமா வைங்க மாமா. நான் பழவேற்காடு போயி அத சொருகற கேபிள் வாங்கினு வந்துடறேன். அதுலதான் சத்யா கல்யாணம் மொத்தமும் கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்திரமா வைங்க என்றாளே, அந்தச் சொல்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடற்காற்று கொட்டகைக்குள் வீசிக்கொண்டிருந்தது. இரும்பு என்று எதை வெளியே வைத்தாலும் உப்பு தின்றுவிடுகிற ஊர். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. டிஸ்க்கின் மூடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. இன்ஜின் மேலேயும்தான் ஆங்கிலத்தில் எவ்வளவோ எழுதியிருக்கிறது. எதை அவர் படித்தார்?

"இத்தன வருசமா இது வழியாவா உப்புக் காத்து போயினு இருந்துது" என்று அவருக்குப் பதறியது. கம்பியை எடுத்தார். துளைக்குள் விட்டுப் பதமாகக் குடைந்தார். உள்ளே பஞ்சு போல ஏதோ தட்டுப்பட்டது. அழுக்கு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பிறகு ரெசினைக் குழைத்து ஒரு சொட்டு விட்டார். காய்ந்ததும் கட்டை விரலால் தட்டினார்.

"இனிமே ஜென்மத்துக்கும் ஒழுவாது."

நிவேதா கேபிளோடு வந்தாள். புதிய டிஸ்க்கில் லேப்டாப் கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்து நின்றது. பிரபாகரன் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அதன் பிறகு அவள் பழைய டிஸ்க்கைச் சொருகினாள். டிக், டிக் என்றது. கொஞ்சம் நின்றது. மறுபடி டிக், டிக். திரையில் அதிலிருந்து எதுவும் வரவில்லை.

அவள் டிஸ்க்கைக் கையில் எடுத்தாள். "இது இன்னா மாமா, இந்த எடத்துல?"

"ஓட்ட இருந்துதும்மா. காத்து உள்ள போவாம அடைச்சிட்டேன்" என்றார் பெருமையாக.

நிவேதா டிஸ்க்கைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்து, "மெட்ராஸ் போயி ரிச்சி ஸ்ட்ரீட்ல காட்டிப் பாக்கலாம் மாமா" என்றாள். தன் கொட்டகைக்கு வந்த பொருள் வெளியூர் போகிறதே என்று அவருக்குச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் துணைக்குப் போனார்.

அங்கே ஒரு சிறிய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. உள்ளே இருந்தவர் டிஸ்க்கை வாங்கித் திருப்பினார். ஒரு கணம் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார்.

"யாருமா இத அடைச்சது? படகுக்கு ஒட்டு போட்ட மாதிரி கீது! டிஸ்க்கு மூச்சு விடறதுக்குனு விட்ட ஓட்டை இது. பக்கத்துலயே எழுதியிருக்கு பாரு, இந்த ஓட்டையை மூடாதீங்கனு. மூடனது மட்டும் இல்ல, குடைஞ்சு வேற வுட்டிருக்காங்க. உள்ள தட்டு கீறிப் போயிருக்கும். இதுலேர்ந்து இனிமே ஒண்ணும் எடுக்க முடியாது."

பிரபாகரன் குனிந்து தன் கையைப் பார்த்தார். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரெசின் காய்ந்து கறையாக ஒட்டியிருந்தது. டிஸ்க்கின் மேல் இருந்த பொட்டின் அதே நிறம். கையை மெல்ல வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். அவள் ஒருமுறை தன் பக்கம் திரும்பினால் போதும், இந்த இரண்டு கடைக்காரர்களும் சேர்ந்து திரும்புவார்கள்.

நிவேதா திரும்பவில்லை. "தெரியலண்ணா, பழசாத்தான் வாங்கனோம். அப்பவே அப்டிதான் இருந்துச்சு" என்றாள்.

திரும்பும்போது பேருந்து மீஞ்சூரைத் தாண்டியது. பிரபாகரன் கேட்டார்.

"ஏம்மா அப்டி சொன்ன?"

"அந்தாளு சிரிச்சாரு. எனக்குப் புடிக்கல."

"நான்தான் கெடுத்தேன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்கே அந்த ஓட்டையப் பத்தி போன்ல தேடிப் பாத்தேன் மாமா."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம்?"

"ஒருவேள படம் வந்துடுமோனு பாத்தேன்." பிறகு, "தசரதன் மாமா வூட்ல டிஸ்க்கு தானா பூட்ச்சினு சொல்லிக்கறேன். உங்க பேரு வராது" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பிரபாகரன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிஸ்க்கு தானாகப் போனது என்றால், முதல் கல்யாணத்தையே தொலைத்த பெண் என்று குப்பம் அவளைத்தானே சொல்லும்? இனி யார் அவளைக் கூப்பிடுவார்கள்? அவரிடம் வந்த பொருள். அவரை நம்பிக்கூட அல்ல, அவர் மனம் நோகக் கூடாதென்று கொடுத்த பொருள்.

ஊரில் இறங்கியதும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. கரையில் தசரதனும் இன்னும் சிலரும் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் போய் நின்றார்.

"தசரதா, உன் பொண்ணு கல்யாணப் படம் பூரா நான் கெடுத்துட்டேன். நிவேதா மேல தப்பு இல்ல. டிஸ்க்குல ஓட்ட இருந்துது, நான் அடைச்சிட்டேன்."

யாரோ குபீரென்று சிரித்தார். "ஏலக் கூடத்த அடைச்ச மாதிரியா?" எல்லோரும் சிரித்தார்கள். தசரதனுக்கே உதடு சிரிப்பில் லேசாக இழுத்தது. பேச்சுச் சத்தம் கேட்டு அவர் மனைவி திரௌபதி வீட்டிலிருந்து வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறுன படம்? அதுவுமா?"

பிரபாகரன் தலையை ஆட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் போனில் எடுத்த படங்களையாவது சேர்க்கலாம் என்றாள் நிவேதா. "நான் போறேன்" என்றார் பிரபாகரன். வீடு வீடாகப் போனார். வாசலில் நின்று கேட்டால், "எதுக்கு?" என்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் அதையே முதலிலிருந்து சொல்ல வேண்டும். இன்ஜின் ரிப்பேருக்கு அவர் வருகிற வரை கைகட்டி நின்றவர்கள், இப்போது உட்கார்ந்தபடியே கேட்டார்கள். "கிட்ட வராத பிரபா, எம் மூக்குல ரெண்டு ஓட்ட கீது" என்றான் ஒருவன். அவன் மனைவி அவனை அதட்டிவிட்டுப் போனை நீட்டினாள். பிரபாகரன் சிரிக்க முயன்றார், வரவில்லை.

படங்கள் நிறையச் சேர்ந்தன. பந்தி, ஊர்வலம், சீர் தட்டு எல்லாம் இருந்தன. ஜெனரேட்டரைச் சரிசெய்துவிட்டுப் பல்லைக் காட்டி நிற்கும் பிரபாகரன்கூட இருந்தார். ஆனால் தாலி கட்டுகிற படம் மட்டும் ஒருவரிடமும் இல்லை. கெட்டிமேளம் கொட்டிய நேரத்தில் அத்தனை பேரும் போனை இடுப்பில் சொருகிவிட்டு அட்சதை போட்டிருக்கிறார்கள். கையில் அரிசியை வைத்துக்கொண்டு யார் படம் எடுப்பார்கள்?

மாப்பிள்ளை ஊரில் கேட்கலாம் என்று கோரைக்குப்பம் போனார். அங்கேயும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. கடைசியில் செங்கல்வராயன் என்று மாப்பிள்ளையின் உறவுக்காரர் ஒருவர் அகப்பட்டார். கல்யாணத்தன்று அவருக்குக் கெளுத்தி மீன் முள் குத்தி வலது கையில் பெரிய கட்டு. அட்சதை போட முடியாததால் இடது கையால் போனைத் தூக்கி அழுத்தியிருக்கிறார். ஒரே ஒரு படம். அதுவும் ஆடியிருந்தது.

நிவேதா அதை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டாள். ஆல்பம் தயாரானதும் பிரபாகரனையும் கூட்டிக்கொண்டு தசரதன் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலோடு நின்றுவிட்டார். திரௌபதி பக்கங்களைப் புரட்டி, தாலி கட்டுகிற படத்தில் நிறுத்தினாள். காற்றில் பறக்கும் அரிசி மணமக்களின் முகங்களை மறைத்திருந்தது. முன்னால் தெளிவாகத் தெரிந்தது அரிசியைத் தூவி விரிந்த ஒரு கைதான். வளையலைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இது என் கையி" என்றாள். பிறகு, "எம்பொண்ணு மூஞ்சி தெரியலியே" என்றாள். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிரபாகரனுக்கு நிலைப்படியை விட்டு நகரவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை.

சில நாள் கழித்து, தசரதன் தன் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு அவருக்கு ஆள் அனுப்பினார். கம்பியும் ரெசின் டப்பாவுமாகப் பிரபாகரன் வந்தார். அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு பொத்தலில் விரல் நின்றது. வழக்கமாக அடுத்த நொடியே கம்பி உள்ளே போயிருக்கும்.

"தசரதா, இது ஒடஞ்ச ஓட்டையா, தண்ணி வுடறதுக்கு நீயா வுட்டதா?"

வலைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "ஒடஞ்சதுதான்டா, அடை" என்றார் தசரதன்.

பிரபாகரன் அடைத்தார். காய்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காய்ந்ததும் கட்டை விரல் தானாக மேலே எழுந்தது. அதை மடக்கிக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.