அடங்காத ‘அ’

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு விசையாக அழுத்தி, காதைச் சாய்த்துக் கேட்கிறார் கீபோர்டு அக்கா. அவர் கடைக்கு எந்த மடிக்கணினி பழுதாகி வந்தாலும் முதல் சோதனை இதுதான். நல்ல விசை ‘டக்’ என்னும். கெட்டது ‘சொத்’ என்னும். அந்த வித்தியாசம் அவர் ஒருவருக்குத்தான் கேட்கிறது.

அடுத்து ஒரு கேள்வி: “எதைக் கொட்டினீங்க?” சத்தியம் செய்யாத குறையாக எல்லோரும் மறுப்பார்கள். அக்கா தலையை ஆட்டிவிட்டுத் திருகாணிகளைக் கழற்றுவார். உள்ளே காபி பிசுபிசுவென்று காய்ந்திருக்கும். “கம்ப்யூட்டரே வாங்கிக் குடிச்சிருக்கும் போல” என்பார், சிரிக்காமல்.

போன வாரம் ஒரு லாரி ஓட்டுநர் மனைவியோடு வந்தார். தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து குரல் போனவர். கை நடுங்குவதால் அவர் எழுத்தை யாராலும் படிக்க முடியாது. போனின் எழுத்துகளோ அவர் விரலுக்குச் சின்னவை. மடிக்கணினியில் தட்டினால் அது உரக்கப் படிக்கும். அதுதான் அவர் பேச்சு. இப்போது திறந்ததுமே “அஅஅஅ” என்று விடாமல் அலறியது.

“நாலு நாளா இதே கூத்துதாம்மா. ரெண்டு கடையில தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க” என்றார் மனைவி. “இவர் பேசாம வீடு வீடாவே இல்ல.”

அக்கா வேறொரு விசைப்பலகையைச் செருகிப் பார்த்தார். அலறல் நிற்கவில்லை. கணினியின் சொந்த விசைப்பலகையின் இணைப்பை எடுத்ததும் கப்சிப்.

“மூளை நல்லா இருக்கு. ஒரு விரல்லதான் கோளாறு.”

நகத்தால் ‘அ’ விசையை நெம்பினார். அடியிலிருந்த ரப்பர் குமிழ் நைந்து, எழமாட்டேன் என்று அமுங்கிக் கிடந்தது. இத்தனை பழைய கணினிக்குப் புதுக் குமிழ் கிடைக்காது. மற்ற விசைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

“அண்ணே, இதுல நீங்க தொடவே தொடாத பட்டன் எது?”

ஓட்டுநர் யோசித்து, வலது ஓரத்தில் ஒன்றைக் காட்டினார். அதன் குமிழை அக்கா ஊசியால் எடுத்தார். எடுத்த வேகத்தில் அது துள்ளித் தரையில் விழுந்தது. மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். மனைவியின் செருப்போரம் அகப்பட்டது. இரண்டாம் முறை ஊசியில் எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ‘அ’வின் அடியில் ஒட்டினார்.

‘டக்.’

இணைப்பைக் கொடுத்தார். அலறல் இல்லை. ஓட்டுநர் மெல்லத் தட்டினார். “தங்கச்சி, என் வாயைத் திருப்பிக் குடுத்துட்ட” என்றது இயந்திரம்.

“அட, ஒரு ரப்பர் துண்டுதானேண்ணே” என்று அக்கா கூச்சத்தோடு ஊசியைத் துடைத்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ நல்லா இருக்கணும்மா” என்றார்.

ஓட்டுநர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல் மனைவியிடம் சொன்னது: “நாலு நாளா நீ திட்டினதுக்கெல்லாம் பதில் வெச்சிருக்கேன். உட்காரு, ஒண்ணொண்ணா சொல்றேன்.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பிலேயே கண் கலங்கி முக்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா எழுந்து போய், கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்.